பாரி லோபஸின் இரண்டு நிலவெளிகள்

இயற்கை எழுத்தாளர் என்று ஒருவரைச் சொன்னதுமே, மலையையும் ஆற்றையும் பறவையையும் கண்டு வியந்து, அந்த வியப்பை அழகிய நடையில் எழுதிவைப்பவர் என்று பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் பாரி லோபஸைப் பற்றிய பேச்சில் இந்த எண்ணம் இன்னும் அழுத்தமாக வெளிப்படுகிறது. அவருடைய நூல்களின் பெயர்களிலேயே ஓநாயும் ஆறும் பாலைவனமும் ஆர்க்டிக்கும் வந்துவிடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவரைப் போற்றுகிறவர்களில் ஒரு பகுதியினர் அவரை இயற்கையின் துதிபாடியாக்கிவிடுகிறார்கள். வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்களோ, வருணனைதான் நிறைய இருக்கிறது, கதையைக் காணோம் என்று குறைபடுகிறார்கள். நிலத்தை வருணிப்பதே லோபஸின் நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில் இரு தரப்பாரும் ஒன்றுபட்டே பிழைபடுகிறார்கள்.

வருணனை அவருக்கு ஒரு கருவி. அந்தக் கருவியைக் கொண்டு என்ன செய்ய முயன்றார் என்பதை ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் நேரட்டிவ்’ (நிலவெளியும் கதையும்) என்ற சிறு கட்டுரையில் அவரே விளக்கியிருக்கிறார். 1988இல் வெளிவந்த ‘கிராசிங் ஓப்பன் கிரவுண்ட்’ தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. நிலம், மனம், கதை ஆகிய மூன்றுக்கும் இடையில் அவர் காணும் தொடர்பு பிடிபட்டுவிட்டால், அவருடைய கட்டுரைகளும் சிறுகதைகளும் ஏன் ஒரே கையால் எழுதப்பட்டவையாக இருக்கின்றன என்பதும் விளங்கிவிடும். அந்தத் தொடர்பை, லோபஸை இதுவரை வாசிக்காதவர்களும் பின்தொடரும்படி இங்கே எடுத்துச்சொல்ல முயல்கிறேன்.

## ஆளைப் பற்றிச் சுருக்கமாக

லோபஸ் 1945 ஜனவரி 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்குப் போயிற்று. பெற்றோர் பிரிந்து, தாய் மறுமணம் செய்துகொண்ட பின், பதினோரு வயதளவில் மன்ஹாட்டனுக்கு வந்து சேர்ந்தார். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் படித்தார், துறவு மடத்தில் சேர்வதைப் பற்றியும் யோசித்தார். 1970இல் ஓரிகன் மாநிலத்தில் மெக்கன்சி ஆற்றங்கரையில் காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் குடியேறி, அங்கிருந்தபடியே உலகின் ஏழு கண்டங்களுக்கும் போய்வந்துகொண்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எழுதினார். 2020 செப்டம்பரில் அந்தப் பள்ளத்தாக்கைத் தாக்கிய காட்டுத்தீயில் அவருடைய காட்டின் பெரும்பகுதியும், சேர்த்துவைத்திருந்த கையெழுத்துப்படிகளும் ஆவணங்களும் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று புற்றுநோயால் காலமானார்.

1978இல் வந்த ‘ஆஃப் வுல்வ்ஸ் அண்ட் மென்’ அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1986இல் வந்த ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. இவை இரண்டும் புனைவல்லாதவை. இவற்றுக்கு முன்னும் நடுவிலும் பின்னுமாக ஏழெட்டுச் சிறுகதைத் தொகுப்புகள் வந்தன. அவற்றைப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம்.

## பெயர் தெரிவதும் உறவு தெரிவதும்

ஒரு பழைய கல்யாணப் படத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள். புதிதாக வந்த ஒருவரிடம் முப்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்துவிடலாம். அதன் பிறகும் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. யார் யாருக்கு அத்தை, யாருடைய மனையை யார் வாங்கினார்கள், மணமகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய மாமா ஏன் படத்தின் ஓரத்துக்குப் போனார் என்பவையெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அந்தப் படம் குடும்பமாகத் தெரியும். மற்றவருக்கு அது முப்பது முகங்கள்.

நிலத்தைப் பற்றி லோபஸ் சொல்வதும் இதுவே. கண்முன் விரியும் நிலப்பரப்பை, அதன் மண், பாறை, வெளிச்சம், காற்று, செடி, விலங்கு ஆகியவற்றோடும் அவற்றின் நெடுங்கால வரலாற்றோடும் சேர்த்து, அவர் புற நிலவெளி என்கிறார். அதிலுள்ள எல்லாவற்றின் பெயரையும் அறிந்துவிடுவதால் அது நமக்குத் தெரிந்ததாகிவிடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவுகளைக் காணத் தொடங்கும்போதுதான் அது தெரியத் தொடங்குகிறது. தென்மேற்கு அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வறண்ட ஓடை ஒன்றின் வழியே நடப்பதை அவர் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். காலடியில் மணலும் வண்டலும் சரிகின்றன. கரையைக் கையால் தொட்டால் மண் உதிர்கிறது. அந்த உதிர்வில், இப்போது தண்ணீரே இல்லாத அந்த இடத்தின் தண்ணீர் வரலாறு தெரிகிறது. ஒரு சிட்டு வந்து பாலோவெர்டே என்ற புதர்மரத்தின் கிளையில் அமர, அதன் எடைக்குக் கிளை வளைந்து நிமிர்கிறது. சிட்டின் இனப்பெயரையும் மரத்தின் பெயரையும் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கிளை எவ்வளவு வளையும் என்பது அங்கே நின்று பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படியானால் பெயர்கள் வீணா என்று கேட்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு 2006இல் வந்த ‘ஹோம் கிரவுண்ட்’ சான்று. அமெரிக்க நிலவடிவங்களுக்கு மக்களிடம் வழங்கிவரும் சொற்களை 45 எழுத்தாளர்களிடம் பகிர்ந்துகொடுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதவைத்து, டெப்ரா குவார்ட்னியுடன் சேர்ந்து அவர் தொகுத்த நூல் அது. ஒரு மேட்டுக்கும் ஓடைக்கும் மக்கள் ஏன் தனிப் பெயர் வைத்தார்கள் என்று தோண்டினால், அங்கே மாடு மேய்த்ததோ, படகு தட்டியதோ, தண்ணீர் எடுத்ததோ வெளிப்படும். பெயரும் ஓர் உறவின் தடயம் என்பதால்தான் அவருக்கு அது பொருட்படுத்தத் தக்கதாயிற்று.

## உள்ளே இருக்கும் நிலவெளி

இரண்டாவது நிலவெளி மனிதருக்குள் இருப்பது. அதை அக நிலவெளி என்போம். பலர் தடுமாறும் இடம் இதுதான். அக நிலவெளி என்றதும் மனநிலை என்று எண்ணி, மகிழ்ச்சி என்றால் பூந்தோட்டம், துயரம் என்றால் பாலைவனம் என்ற உருவக விளையாட்டாக அதைப் புரிந்துகொள்கிறார்கள். லோபஸ் சொல்வது உருவகத்தைப் பற்றியே அல்ல. ஒருவருடைய எண்ணங்களும் நினைவுகளும் அறவுணர்வும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்ற அமைப்பையே அவர் அப்படிக் குறிப்பிடுகிறார். வெளியே சிட்டுக்கும் கிளைக்கும் இடையில் உறவு இருப்பதுபோல உள்ளே ஓர் எண்ணத்துக்கும் மற்றோர் எண்ணத்துக்கும் இடையில் உறவு இருக்கிறது. சிலவற்றுக்குப் பெயர் உண்டு, சிலவற்றைச் சொல்லவே இயலாது.

அந்த உள்ளமைப்பு எங்கிருந்து வருகிறது? பிறப்பாலும் கல்வியாலும் மட்டும் அது வந்துவிடுவதில்லை என்பது அவர் துணிபு. ஒருவர் பூமியில் எங்கெங்கே போகிறார், எதைத் தொடுகிறார், எந்த ஒழுங்குகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்பவற்றால் அவருடைய சிந்தனையின் வடிவமே மாறுகிறது. வெளி நிலத்தின் ஒழுங்கு, பருவங்களின் வரவு, நீரோட்டம், இரை தேடும் விலங்கின் பொறுமை எல்லாம் அவருக்குள் தங்கள் தடத்தைப் பதிக்கின்றன.

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் சடங்கு ஒன்றை அவர் இங்கே முன்வைக்கிறார். ஒருவர் நிலைகுலைந்துபோனால், அவருக்காக நடத்தப்படும் அச்சடங்கில் வெளியுலகின் ஒழுங்கைப் பாடல்களாலும் சொற்களாலும் வரவழைத்து, அதே ஒழுங்கை அவருக்குள் மீண்டும் நிலைநாட்ட முயல்கிறார்கள். நலம் என்பது உள்ளும் புறமும் ஒத்திசைந்திருப்பது என்ற புரிதல் அதன் அடியில் இருக்கிறது.

இந்தக் கருத்து லோபஸுக்கு ஏட்டறிவு மட்டுமாக இருந்திருக்க முடியாது என்பது பின்னாளில் தெரியவந்தது. சிறுவனாக இருந்தபோது, குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவனிடம் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை 2013இல் ‘ஸ்லைவர் ஆஃப் ஸ்கை’ என்ற கட்டுரையில் எழுதினார். அவருடைய எழுத்து முழுவதற்கும் அதையே விளக்கமாக வைப்பது மலிவான வாசிப்பு. ஆனாலும் குலைந்த உள்ளம் வெளியே இருக்கும் ஒழுங்கைத் தேடிப் போவதை அவர் ஏன் அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதை, அக்கட்டுரையைப் படித்த பின் வேறு விதமாகக் காணாமலிருப்பது கடினம்.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்வோம். புற நிலவெளி என்பது பொருள்களின் பட்டியலாக இல்லாமல் உறவுகளின் பின்னலாக இருப்பது. அக நிலவெளி என்பது மனநிலையைக் குறிக்காமல், மனத்தினுள் இருக்கும் உறவுகளின் அமைப்பைக் குறிப்பது. இரண்டாவதன் வடிவத்தில் முதலாவதற்குப் பங்குண்டு.

## நடுவில் கதை செய்யும் வேலை

வெளியிலிருக்கும் ஒழுங்கு உள்ளே போக, ஒருவர் எப்போதும் அந்த இடத்துக்கே போய்வர வேண்டுமா? வேண்டியதில்லை, கதை அந்த வேலையைச் செய்யும் என்பதுதான் லோபஸின் மையக் கருத்து.

வடக்கு அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் அனக்டுவுக் பாஸ் என்ற ஊர் இருக்கிறது. நுனமியுட் என்ற பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் அது. கோடைக்கால மாலை ஒன்றில் அங்கே சிலர் கூடி உட்கார்ந்து வேட்டைக் கதைகள் சொல்ல, லோபஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சு வுல்வரினைப் பற்றித் திரும்புகிறது. நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் சிறிதானாலும் மூர்க்கத்துக்குப் பேர்போன வடதிசை விலங்கு அது. பனிவண்டியில் ஒரு வுல்வரினைத் துரத்திப் போன வேடர் ஒருவரின் கதையை ஒருவர் சொல்கிறார். வுல்வரின் ஒவ்வொரு மேட்டின் மேலும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மறைகிறது. வேடர் பின்தொடர்கிறார். ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டும்போது அது எதிரிலிருந்து பாய்ந்து வந்து அவர் மார்பில் மோதுகிறது. வண்டி புரள்கிறது, அவர் கீழே விழுகிறார். அது விலகி நின்று அவரையே உற்றுப் பார்க்கிறது. கடிக்கவில்லை, கீறவும் இல்லை. பிறகு நடந்து போய்விடுகிறது. துப்பாக்கியை எடுக்கலாமென அவருக்குத் தோன்றுகிறது, எடுக்கவில்லை.

கதை அவ்வளவுதான். சொன்னவர் அதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. கூட்டம் கலைந்து வெளியே வந்த லோபஸுக்கு, எதிரே கிடந்த அதே மலைச்சரிவுகள் முன்னைவிட உயிருள்ளவையாகத் தெரிகின்றன. மனத்திலும் ஏதோ சீர்ப்பட்டதுபோல் இருக்கிறது. ஏன் அப்படி என்று கேட்டு அவர் கண்டுகொண்ட விடைதான் அவருடைய கோட்பாடு.

அந்தக் கதையில் நிலத்தின் உறவுகள் அப்படியே இருந்தன. மேடு, பனி, துரத்தும் வேகம், திரும்பிப் பார்க்கும் விலங்கு, எடுக்கப்படாத துப்பாக்கி ஆகிய ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பொருந்தி நின்றன. கேட்டவர்கள் அந்த நிலத்தை அறிந்தவர்கள். ஒரு விவரம் பொய்யாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பொய் இல்லாததால் கதை தடையின்றி உள்ளே சென்றது. வெளியே இருந்த ஒழுங்கைக் கேட்பவரின் அகத்துக்குக் கடத்தி, அங்கிருக்கும் குழப்பத்தைச் சற்று நேரமாவது சீர்செய்வதே கதையின் பயன் என்று அவர் முடிவுக்கு வருகிறார். சொல்லின் தேர்வு, தொனி, வாக்கியங்களின் அடுக்கு எல்லாம் அதற்காகத்தான்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, கதைசொல்லி நீதி சொல்லக் கூடாது. வுல்வரின் அந்த வேடரை மன்னித்துவிட்டது என்றோ, இயற்கை மனிதனை எச்சரிக்கிறது என்றோ ஒரு வரி சேர்த்துவிட்டால், கேட்பவருக்குள் போக வேண்டிய உறவுகளின் பின்னல் அந்த ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் மக்களிடம், ஞானம் தானாக வெளிப்படுவதற்கான சூழலை உண்டாக்குபவரே கதைசொல்லி என்ற கருத்து இருப்பதை ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ நூலில் அவர் எடுத்துச்சொல்கிறார். ஞானத்தைத் தானே வழங்கும் பொறுப்பிலிருந்து எழுத்தாளரை அது விடுவிக்கிறது. இரண்டாவது, விவரத்தில் துல்லியம் தவறக் கூடாது. விவரம் பிசகினால் உறவு பிசகும். உறவு பிசகினால் உள்ளே போவதும் பிசகாகவே இருக்கும்.

## துல்லியம் என்பதன் பொருள்

‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. மரங்களற்ற அலாஸ்காத் துந்திரத்தில், நள்ளிரவிலும் மறையாத கோடை வெளிச்சத்தில் நடக்கும் லோபஸ், தரையில் கூடுகட்டி அடைகாக்கும் பறவைகளைக் கண்டு தலைவணங்குகிறார். இதை மட்டும் பிரித்தெடுத்து மேற்கோள் காட்டுபவர்கள் அவரை ஒரு பக்தராக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த வணக்கத்துக்கு முன்னால் அவர் தருவது செய்தி: அங்கே மரம் இல்லாததால் பறவைகள் வெட்டவெளியில் முட்டையிடுகின்றன, உப்புக்கொத்தி இனப் பறவை ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து ஆளைக் கூட்டிலிருந்து விலக்கிக் கூட்டிச்செல்கிறது, வேறொன்று அசையாமல் உட்கார்ந்து முறைக்கிறது. இந்த விவரங்களைக் கடந்து வரும்போது வணக்கம் உணர்ச்சி மிகுதியாகத் தோன்றுவதில்லை. நூலின் இறுதியில் பெரிங் கடலின் செயின்ட் லாரன்ஸ் தீவில் வால்ரஸ் வேட்டை ஒன்றைப் பார்த்த பின் அவர் மீண்டும் தலைவணங்குகிறார். இரத்தமும் சாவும் அங்கே மறைக்கப்படவில்லை. முதல் வணக்கத்தை விரும்பும் பலர் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை.

‘ஆஃப் வுல்வ்ஸ் அண்ட் மென்’ நூலின் அமைப்பே இந்த முறைக்குச் சிறந்த விளக்கம். ஓநாயைப் பற்றி உயிரியலாளர்கள் அறிந்தது முதலில் வருகிறது. அதன் அருகிலேயே வேட்டையாடி வாழும் பழங்குடியினர் அறிந்தது அடுத்து. பிறகு, தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி வைத்தும் ஸ்ட்ரிக்னைன் நஞ்சு கலந்த இறைச்சியைப் பரப்பியும் அமெரிக்கர்கள் ஓநாய்களை ஒழித்த வரலாறு. இறுதியாக, ஐரோப்பியக் கற்பனையில் ஓநாய் பேயாகவும் பாவமாகவும் மாறிய கதை. ஒரே விலங்கை நால்வகை மனிதர்கள் பார்த்த பார்வைகளை அடுத்தடுத்து வைக்கும்போது, ஓநாயைவிட அந்த மனிதர்களின் அக நிலவெளியே நமக்குத் துலங்குகிறது. காட்டில் இருந்த ஓநாய் வேறு, அவர்கள் சுட்டுக்கொன்ற ஓநாய் வேறு.

கோட்பாடு தலைகீழாகச் செயல்படும் இடங்களையும் அவர் விடவில்லை. 1906இல் ராபர்ட் பியரி என்ற பயணி, வட ஆர்க்டிக்கில் தொலைவில் ஒரு நிலப்பகுதியைக் கண்டதாக அறிவித்து, தன் பயணத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயரால் அதற்குக் குரோக்கர் லேண்ட் என்று பெயரிட்டார். 1913இல் அதைத் தேடி ஒரு குழுவே புறப்பட்டது. மறு ஆண்டு உறைந்த கடலின் மேல் நெடுந்தூரம் போன அவர்கள் கண்டது, வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகளில் ஒளி வளைவதால் தோன்றும் கானல் தோற்றம். பியரி உண்மையிலேயே ஏமாந்தாரா, வேண்டுமென்றே கட்டிவிட்டாரா என்ற ஐயமும் பின்னாளில் எழுந்தது. எப்படியாயினும், வெளியே இல்லாத நிலத்தை உள்ளிருக்கும் ஆசை வரைந்துவிட்டது. ‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ நூலின் துணைத்தலைப்பில் கற்பனை, ஆசை ஆகிய இரு சொற்கள் இருப்பது இதனால்தான்.

மனிதக் கூட்டத்தின் நடத்தையை இதே கண்ணால் பார்த்த ஒரு கட்டுரை உண்டு. 1979 ஜூன் மாதம் ஓரிகன் கடற்கரையில், ஃபுளோரன்ஸ் என்ற ஊருக்கு அருகே, 41 ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கரையொதுங்கி இறந்தன. அவற்றைப் பற்றி லோபஸ் எழுதிய கட்டுரையில் திமிங்கிலங்கள் எவ்வளவு இடம்பெறுகின்றனவோ அவ்வளவுக்கு மனிதர்களும் இடம்பெறுகிறார்கள்: அளவெடுக்க வந்த அறிவியலாளர்கள், செய்தியாளர்கள், கூட்டத்தைக் கட்டுப்படுத்திய அதிகாரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கையாலாகாமல் அழுதவர்கள். யாரையும் அவர் வில்லனாக்குவதில்லை. ஒவ்வொருவரும் ஒரே காட்சியிலிருந்து எதைத் தனக்கென எடுத்துக்கொண்டார் என்பதை மட்டும் பதிவுசெய்கிறார்.

சுருக்கமாக: லோபஸின் துல்லியம் தகவல் திரட்டும் ஆசையால் வந்ததல்ல. வெளியே உள்ளதை உள்ளிருக்கும் ஆசை திரித்துவிடாமல் காப்பதற்கான கட்டுப்பாடு அது.

## அப்படியானால் புனைவு எதற்கு?

உண்மையின் துல்லியத்தை இவ்வளவு வலியுறுத்துபவர் கட்டுக்கதை எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. விடை அவருடைய கோட்பாட்டிலேயே இருக்கிறது. கதை உண்மையாவது நிகழ்ச்சி நடந்ததால் மட்டுமல்ல, அதிலுள்ள உறவுகள் பொய்படாமல் இருப்பதாலும்தான். நடக்காத நிகழ்ச்சியிலும் சிட்டின் எடைக்குக் கிளை சரியாக வளையலாம். நடந்த நிகழ்ச்சியையும் பொய்யாகச் சொல்லலாம்.

1976இல் தொடங்கி 1994 வரை வெளிவந்த ‘டெசர்ட் நோட்ஸ்’, ‘ரிவர் நோட்ஸ்’, ‘ஃபீல்ட் நோட்ஸ்’ ஆகிய மூன்று தொகுப்புகளும், பெயரைப் பார்த்தால் ஆய்வாளரின் குறிப்பேடுகள்போல் இருக்கின்றன. உள்ளே இருப்பவை விசித்திரமான சிறுகதைகள். ‘ரிவர் நோட்ஸ்’ தொகுப்பில் ‘த பெண்ட்’ என்ற கதை வருகிறது. ஆற்றின் ஒரு வளைவை முற்றாகப் புரிந்துகொள்ள ஒருவர் விரும்புகிறார். வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்து அளக்கச்செய்கிறார், கணக்குகள் போடச்செய்கிறார், தாள்கள் குவிகின்றன. வளைவு மட்டும் பிடிபடவில்லை. அவர் நோயில் விழுகிறார். கடைசியில் அவருக்குக் கிடைப்பது வேறொரு கோணம்: மேலே பறக்கும் பருந்தின் கண்ணுக்கு அந்த வளைவு இயல்பாகவே இருக்கும், தானும் அதன் ஒரு பகுதியாக, மீனைப் போலவும் மலரைப் போலவும் தெரியலாம். அந்த ஒரு பார்வையில் அவருடைய தனிமை கலைகிறது. அளப்பதைக் கேலிசெய்யும் கதை என்று இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு அளந்தால் ஓர் உறவு, அதாவது அளப்பவருக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு, கணக்கில் வராமலே போய்விடும் என்பதே கதை.

1981இல் வந்த ‘வின்டர் கவுன்ட்’ (குளிர்காலக் கணக்கு) தொகுப்பின் தலைப்புக்கு, அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரின் ஒரு வழக்கம் மூலம். ஒவ்வோர் ஆண்டையும் எண்ணால் குறிக்காமல், அந்த ஆண்டின் நினைவுக்குரிய ஒரு நிகழ்ச்சியைக் காட்டெருமைத் தோலில் வரைந்து, அந்த நிகழ்ச்சியின் பெயராலேயே ஆண்டை அழைப்பார்கள். அதே நிலத்தில் வாழ்ந்த இரு குழுவினர் ஒரே ஆண்டை இரு வேறு நிகழ்ச்சிகளால் நினைவில் வைத்திருப்பதுண்டு. தலைப்புக் கதையில் ரோஜர் கேலஹன் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றிப் பேச நியூ ஆர்லியன்ஸ் நகர மாநாட்டுக்கு வருகிறார். ஒற்றை வரலாறு ஒன்றைக் கேட்கும் அறிஞர்கள் நடுவில், அவரோ ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து சொன்ன கதைகளை நம்புபவர். கதை பெரும்பாலும் ஹோட்டல் அறையிலும் கூட்ட அரங்கிலும் நடக்கிறது. காடும் மலையும் இல்லாத இந்தக் கதையை, லோபஸ் இயற்கையை மட்டும் எழுதினார் என்பவர்களிடம் தயங்காமல் நீட்டலாம்.

என் விருப்பத்துக்கு உரியது 2000இல் வந்த ‘லைட் ஆக்‌ஷன் இன் த கரீபியன்’ தொகுப்பிலுள்ள ‘த மேப்பிஸ்ட்’. பொகோட்டா நகரைப் பற்றி ஓர் அரிய நூலை வாசித்து மயங்கிய ஒருவர், அதை எழுதியவர் புனைபெயரில் ஒளிந்திருப்பதை அறிந்து, ஆண்டுக்கணக்கில் தேடி, வட டகோட்டா மாநிலத்தில் கண்டுபிடிக்கிறார். கோர்லிஸ் பெனிஃபிடியோ என்ற அந்த முதியவர் இப்போது அம்மாநிலத்தை, தாள் தாளாக, கையால் வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறார். ஊரையும் சாலையையும் காட்டும் வரைபடங்கள் அல்ல அவை. ஒரு நிலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகளைக் காட்டுபவை. லோபஸின் கோட்பாட்டைக் கட்டுரையாகப் படிக்கப் பொறுமையில்லாதவர் இந்தக் கதையைப் படித்தால் போதும்.

## அவர் இடறும் இடங்கள்

இந்த முறைக்குச் சில ஆபத்துகள் இருக்கின்றன. லோபஸ் எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஓநாயும் அதன் இரையும் தாக்குதலுக்கு முன் ஒன்றையொன்று உற்றுப் பார்ப்பதை, சாவைப் பற்றி அவை நடத்தும் உரையாடலாக அவர் காண்கிறார். மனத்தைப் பிடிக்கும் கருத்துதான். சோதித்து அறியக்கூடியதா என்றால் இல்லை. அவரே வகுத்த அளவுகோலின்படி அது வெளியிலிருந்து உள்ளே வந்ததா, உள்ளிருந்து வெளியே பூசப்பட்டதா என்று கேட்க இடமிருக்கிறது. பழங்குடிக் கதைகளை வெள்ளை அமெரிக்கர் ஒருவர் மறுபடி சொல்வதிலுள்ள சிக்கலும் இத்தகையதே. கயோட்டி என்ற நரிக் கதாபாத்திரத்தின் கதைகளை எழுபதுகளில் அவர் தொகுத்து எழுதியது போன்ற முயற்சியை இன்று யாரும் அவ்வளவு எளிதாக மேற்கொள்ள மாட்டார்கள். நகைச்சுவையும் அவரிடம் குறைவு. பிற்கால நூல்களில், விளக்கக் கூடாது என்ற தன் விதியை மறந்து, மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றி மேடைக்குரலில் பேசிவிடும் பக்கங்களும் உண்டு.

இன்னொரு குற்றச்சாட்டு பொருந்தாதது. அவர் நவீன வாழ்வை வெறுத்துக் காட்டுக்குள் ஒதுங்கியவர் என்பார்கள். தொண்ணூறுகளில் அவர் சரக்கு விமானங்களின் விமானி அறையில் உட்கார்ந்து கண்டம் கண்டமாகப் பறந்து, குதிரைகள் முதல் அன்றாட நுகர்பொருள்கள் வரை இரவு முழுவதும் உலகைச் சுற்றிவரும் சரக்குகளைப் பற்றி ‘ஃபிளைட்’ என்ற நீண்ட கட்டுரையை எழுதினார். எந்தப் பொருள் எங்கே விளைந்து யாருடைய கைக்குப் போகிறது என்று அங்கேயும் உறவுகளைத்தான் தேடுகிறார். ‘அப்போலொஜியா’ கட்டுரையில் ஓரிகனிலிருந்து இண்டியானா வரை காரோட்டிச் செல்லும் வழியில், வண்டிகளில் அடிபட்டுச் செத்துக்கிடக்கும் விலங்குகளை ஒவ்வொன்றாக இறங்கித் தூக்கிச் சாலையோரம் கிடத்துகிறார். காரை விட்டுவிடச் சொல்லி யாருக்கும் அறிவுரை தரவில்லை. தன் காரின் முகப்பிலும் பூச்சிகள் அடிபட்டுச் சாவதை மறைக்கவும் இல்லை.

## எதை முதலில் படிப்பது

‘ஆர்க்டிக் ட்ரீம்ஸ்’ புகழ்பெற்றது என்பதற்காக அதிலிருந்து தொடங்கிப் பலர் களைத்துப்போகிறார்கள். பனிக்கட்டியின் வகைகளையும் கஸ்தூரி எருதின் நடத்தையையும் அத்தியாயக்கணக்கில் படிக்க, அவை எதற்காகச் சொல்லப்படுகின்றன என்ற தெளிவு முன்பே வேண்டும். எனவே ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் நேரட்டிவ்’ கட்டுரையை முதலில் படிக்கலாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும். அதே தொகுப்பில், கலிபோர்னியப் பாலைவனத்தின் தரையில் பழங்குடியினர் கற்களை விலக்கி உருவாக்கிய குதிரை வடிவத்தைப் பற்றிய ‘த ஸ்டோன் ஹார்ஸ்’ இருக்கிறது. விடியற்காலை வெளிச்சம் நகர நகர அந்த உருவம் மாறிக்கொண்டே வருவதை அவர் எழுதியிருக்கும் முறையில், மேலே சொன்ன அத்தனையும் செயல்படுவதைக் காணலாம். பிறகு ‘த பெண்ட்’, ‘த மேப்பிஸ்ட்’ ஆகிய இரு கதைகள். சிறுவர்களோடு சேர்ந்து படிக்க விரும்புபவர்களுக்கு, 1990இல் டாம் போர்ட்டின் ஓவியங்களோடு வந்த ‘குரோ அண்ட் வீசல்’ என்ற குறுநாவல் பொருந்தும். அதில் வரும் வளைக்கரடி, பயணக் கதையைச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் இளைஞரிடம் இன்னும் தெளிவாகச் சொல்லும்படி இடைமறித்துக் கேட்கும் பகுதி, எழுத விரும்பும் பெரியவர்களுக்கும் உரியது. இவ்வளவுக்கும் பிறகு ஓநாய் நூலும் ஆர்க்டிக் நூலும். 2019இல் வந்த ‘ஹொரைசன்’ அவருடைய பயணங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டும் தடித்த நூல். முந்தைய நூல்களோடு பழகியவருக்கே அது முழுதாக ருசிக்கும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.